"நலம், நலமறிய ஆவல்": அமெரிக்க உள்நாட்டுப் போர்ச் சிப்பாய்கள் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள்

பனையோலை:

வணக்கம். நான்கு மாதமாக ராத்திரி சாப்பாடு முடிந்ததும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, நூற்று அறுபது வருஷத்துக்கு முந்தைய கடிதங்களைப் படித்துத் தட்டச்சு செய்கிறேன். அமெரிக்க தேசிய ஆவணக் காப்பகம் தன்னிடமுள்ள பழைய கையெழுத்துத் தாள்களைப் படமெடுத்து இணையத்தில் போட்டிருக்கிறது. விருப்பப்பட்டவர்கள் படித்து எழுதிக் கொடுக்கலாம். நான் எடுத்துக்கொண்டது, அடிமை முறையைக் காக்கத் தனியே பிரிந்துபோன தெற்கு மாநிலங்களுக்கும் வாஷிங்டன் அரசோடு நின்ற வடக்குக்கும் 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் வடக்குத் தரப்பில் இறந்த சிப்பாய்களின் பென்ஷன் கோப்புகள்.

பென்ஷன் கோப்புக்குள் வீட்டுக் கடிதம் எப்படி வந்தது என்பதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன். 1862 ஜூலையில் வந்த சட்டப்படி, இறந்த சாதாரணச் சிப்பாயின் மனைவிக்கு மாதம் 8 டாலர். கல்யாணம் ஆகாதவன் என்றால், அவனை நம்பியிருந்த தாய்க்கு அந்த 8 டாலர். ஆனால் நம்பியிருந்ததை அவள் நிரூபிக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் வந்து வாக்குமூலம் கொடுப்பார்கள். மளிகைக் கணக்கை மகன்தான் தீர்த்தான் என்று கடைக்காரர் எழுதிக் கொடுப்பார். அதையெல்லாம் விட வலுவான சாட்சி, பணம் அனுப்பியிருக்கிறேன் என்று மகனே கைப்பட எழுதிய கடிதம். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வக்கீலிடம் கொடுத்தாள். வக்கீல் வாஷிங்டனுக்கு அனுப்பினார். அங்கே கோப்பில் சேர்ந்தது, இன்னும் அங்கேயே இருக்கிறது. பிள்ளையின் கையெழுத்து என்று வீட்டில் மிச்சமிருந்ததைக் கொடுத்துத்தான் அந்த 8 டாலரை வாங்கினாள்.

கடிதங்கள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஆரம்பிக்கும். பேனாவைக் கையில் எடுத்தேன், நான் சுகம், இந்த நாலு வரி வந்து சேரும்போது நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். முதல் தடவை இதைப் பார்த்தபோது என் தாத்தா ஞாபகம் வந்தது. "நலம், நலமறிய ஆவல்" என்று எழுதாமல் அவருக்கு அடுத்த வரி வராது.

அப்புறம் சம்பளம். மாதம் 13 டாலர், அதுவும் கையில் வந்து சேர மாதக்கணக்காகும். எவ்வளவு அனுப்பியிருக்கிறேன், எந்தக் கடனை முதலில் அடைப்பது, பசு கன்று போட்டதா, தம்பி பள்ளிக்கூடம் போகிறானா, குளிருக்கு விறகு பிளந்து தர ஆள் இருக்கிறதா. காலுறை அனுப்பு, தபால்தலை அனுப்பு, ஏன் பதில் போடவில்லை. சண்டை மூன்று வரியில் வந்து போய்விடும்.

சில கோப்புகளில் கடைசிக் கடிதம் வேறு கையெழுத்தில் இருக்கும். அப்போது ஒவ்வொரு சிப்பாயும் பாதிக் கூடாரத் துணியைச் சுமந்து போவான். ராத்திரியில் இரண்டு பேர் தங்கள் பாதிகளைப் பொத்தானால் சேர்த்து ஒன்றாகப் படுப்பார்கள். கடைசிக் கடிதத்தை எழுதியது பெரும்பாலும் அந்த இன்னொரு பாதிக்காரன்தான். எங்கே அடிபட்டது, எத்தனை மணி நேரம் உயிர் இருந்தது, எந்த மரத்தடியில் புதைத்தோம், அவன் பைபிளும் கத்தியும் என்னிடம் இருக்கின்றன, எப்படி அனுப்பட்டும்? அந்தக் கடிதமும் சாட்சியாகத்தான் கோப்புக்குள் போனது.

இங்கே யாராவது இதைப் படித்திருந்தால் பேசலாம்.

ஓய்வு_ஹவில்தார்:

அம்மா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. நான் பதினெட்டு வருஷம் ராணுவத்தில் இருந்தவன். எங்கள் முகவரி '56 ஏ.பி.ஓ.' என்ற ராணுவத் தபால் நிலையம், அவ்வளவுதான். பனியில் இருக்கிறேனா பாலைவனத்தில் இருக்கிறேனா என்று வீட்டுக்குத் தெரியாது. நாங்களும் எழுதக் கூடாது. என் மனைவி பதிலில் "அங்கே குளிரா?" என்று கேட்பாள். அதற்கும் சுற்றி வளைத்துத்தான் பதில் எழுதுவேன்.

இவர்கள் கடிதத்தை மேலதிகாரி பிரித்துப் பார்த்தாரா? பார்த்திருந்தால் இவ்வளவு மனம் விட்டு எழுதியிருக்க முடியாதே? தபால் செலவு யாருடையது?

பனையோலை:

ஐயா, சிப்பாயின் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் முறையான ஏற்பாடு அந்தப் போரில் இல்லை. அதனால்தான் இவை இவ்வளவு வெளிப்படையாக இருக்கின்றன. எந்த ஆற்றங்கரையில் முகாம், நாளை எந்தப் பக்கம் நடக்கப் போகிறோம், கேப்டன் குடித்துவிட்டு என்ன செய்தார், கஞ்சியில் என்ன மிதந்தது, எல்லாம் எழுதினார்கள். பிற்காலத்துப் போர்களின் கடிதங்களில் இந்தச் சுதந்திரம் கிடையாது. போர்க் கைதிகளின் கதை மட்டும் வேறு. வெள்ளைக்கொடிப் படகில் எல்லை தாண்டிய அவர்கள் கடிதங்களை ஒட்டாமல் கொடுக்க வேண்டும், படித்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள்.

தபால் செலவுக்கு நம் ஊர் வார்த்தையே இருக்கிறது, பேரிங் தபால். 1861 ஜூலையில் வந்த சட்டப்படி, உறைமேல் 'சிப்பாய் கடிதம்' என்று எழுதி அதிகாரி கையெழுத்துப் போட்டால் தபால்தலை இல்லாமலே போகும். 3 சென்ட்டை வீட்டில் இருப்பவர் கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். முகாமில் தபால்தலையைப் பையில் வைத்தால் மழையிலும் வியர்வையிலும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அது போக வாங்கக் காசும் இருக்காது. அதே வருஷம் அரசாங்கம் பழைய தபால்தலைகளையெல்லாம் செல்லாது என்று அறிவித்தது. தெற்கு மாநிலங்களின் தபால் நிலையங்களில் கட்டுக்கட்டாக இருந்த தலைகளை எதிரி காசாக்கிவிடக் கூடாது என்ற கணக்கு.

தெற்கில் தனித் தபால் துறை. 500 மைலுக்குள் 5 சென்ட், அதற்கு மேல் 10 என்று தொடங்கி, 1862 ஜூலையில் எல்லாவற்றுக்கும் 10 சென்ட் என்று ஆக்கினார்கள். அங்கே பெரிய பஞ்சம் தாளுக்கு. வடக்குக் கப்பல்களின் கடல் முற்றுகையால் வெளிச்சரக்கு வருவது அரிதாகிவிட்டது. வந்த உறையைப் பிரித்து உள்பக்கத்தை வெளியே திருப்பி ஒட்டி மறுபடி அனுப்பினார்கள். சுவரில் ஒட்டும் பூப்போட்ட காகிதத்தை வெட்டி உறை செய்தார்கள்.

ஒரு அருங்காட்சியகத்தில் ஒரு தாள் பார்த்தேன். இடமிருந்து வலமாக முழுப்பக்கம் எழுதி, தாளைக் குறுக்காகத் திருப்பி, எழுதிய வரிகளின் மேலேயே இன்னொரு பக்கம் எழுதியிருந்தது. முதலில் வெறும் கோணிப்பை நெசவு மாதிரித்தான் தெரிந்தது. கண்ணைக் கொஞ்ச நேரம் ஒரே திசையில் பழக்கினால் மற்ற வரிகள் பின்னால் போய், ஒரு பக்கம் மட்டும் மேலெழுந்து வரும். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் தலையைச் சாய்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன்.

குன்றூர்க்குமரன்:

அக்கா, அருமையான இழை. முகாம் சாப்பாடு பற்றி நான் கொஞ்சம் சேர்க்கிறேன். வடக்குப் படைக்கு முக்கிய உணவு 'ஹார்ட்டாக்' என்ற ரொட்டி. மைதாவும் தண்ணீரும், கிடைத்தால் உப்பு, அவ்வளவுதான் சரக்கு. மூன்று அங்குலச் சதுரம். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்பது பத்து வில்லை. கிடங்கில் கிடந்து வண்டு வைத்து வரும். 'புழுக்கோட்டை' என்று அதற்குப் பட்டப்பெயர்.

கொரோனா ஊரடங்கில் வீட்டில் செய்து பார்த்தேன். இரண்டு கப் மைதா, அரைக் கப்புக்குக் கொஞ்சம் அதிகமாகத் தண்ணீர், உப்பு. ஆணியால் துளை போட்டு, ஓவனில் இரண்டு பக்கமும் காயவிட்டேன். மறுநாள் கடித்தால் பல் வழுக்குகிறது, ரொட்டியில் ஒரு தடமும் இல்லை. சூடான காபியில் போட்டேன். பத்து நிமிஷத்துக்கு அப்புறம் வெளித்தோல் மட்டும் ஈரமான அட்டை மாதிரி ஆனது, நடுவில் கல். சிப்பாய்களும் காபியில்தான் ஊறப்போட்டார்கள். புழு மேலே மிதந்து வரும், கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுக் குடிப்பார்கள். இல்லையென்றால் துப்பாக்கிக் கட்டையால் இடித்து, உப்புப் பன்றிக்கொழுப்பில் வறுத்துத் தின்பார்கள்.

காபிதான் வடக்குச் சிப்பாயின் உயிர். தெற்கில் முற்றுகையால் காபிக்கொட்டை கிடைக்கவில்லை. சிக்கரி, கம்பு மாதிரியான ரை தானியம், வேர்க்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு எல்லாவற்றையும் வறுத்து டிகாக்ஷன் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் புகையிலை அங்கே ஏராளம். 1862-63 குளிர்காலத்தில் ஃபிரெடரிக்ஸ்பர்க் ஊரருகே ராப்பஹானக் ஆற்றுக்கு அக்கரையில் ஒரு படை, இக்கரையில் ஒரு படை. காவலுக்கு நின்றவர்கள் பலகையில் சின்னப் படகு செய்து, பாய் கட்டி, இந்தப் பக்கமிருந்து காபியும் அந்தப் பக்கமிருந்து புகையிலையும் செய்தித்தாளும் அனுப்பிக்கொண்டார்கள். அதிகாரிகள் தடை போட்டும் நிற்கவில்லை.

நெய்தல்நிலம்:

இவ்வளவு பேசிவிட்டு சல்லிவன் பலூ கடிதத்தை யாருமே சொல்லவில்லையே! ரோட் ஐலண்ட் படையின் மேஜர். 1861 ஜூலை 14 அன்று வாஷிங்டன் முகாமிலிருந்து மனைவி சாராவுக்கு எழுதியது. நான் திரும்பாவிட்டால் உன் கன்னத்தில் படும் காற்று என் மூச்சாக இருக்கும் என்கிற மாதிரி வரும். ஒரு வாரத்தில் புல் ரன் சண்டையில் காலில் குண்டு பட்டு, கால் எடுத்து, அடுத்த சில நாளில் இறந்துபோனார். என்னைப் பொறுத்தவரை சிப்பாய் கடிதம் என்றால் அதுதான் உச்சம். பசுமாடும் விறகும் எல்லார் வீட்டிலும் உண்டு. மன்னிக்கவும், என் கருத்து.

பனையோலை:

தம்பி, மன்னிப்பு எதற்கு? நானும் அதைப் படித்து அழுதிருக்கிறேன். அவர் அந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை என்பது தெரியுமா? அவர் பெட்டியில் கிடந்து, இறந்த பிறகுதான் சாரா கைக்குப் போனது. அவள் மறுமணம் செய்துகொள்ளவில்லை, 1917 வரை வாழ்ந்தாள். மூலத்தாள் இன்று எங்கே என்று தெரியாது, பிரதிகள்தான் இருக்கின்றன.

ஆனால் பலூ வக்கீல். சட்டசபையில் சபாநாயகராக இருந்தவர். அவருக்கு மொழி கைவந்தது. எழுத்துக்கூட்டத் தெரியாத விவசாயக் கூலி ஒருவன், அதே அளவு அன்பை வைத்துக்கொண்டு, அதற்கான வார்த்தை தன்னிடம் இல்லை என்ற நிலையில் என்ன எழுதுவான்? பசு கன்று போட்டதா என்று கேட்பான். பத்து டாலர் அனுப்பி, இதில் உனக்கு ஒரு செருப்பு வாங்கிக்கொள், கடனுக்கு எல்லாத்தையும் கொடுத்துவிடாதே என்று எழுதுவான். எனக்கு இரண்டும் ஒரே எடைதான். ஒன்றை ஆயிரம் பேர் படித்துவிட்டார்கள், மற்றதைப் பென்ஷன் குமாஸ்தா ஒருவர்தான் படித்திருப்பார்.

செவ்வந்தி:

நான் அரசு மருத்துவமனையில் செவிலியர். இந்தப் போரை எனக்கு நோய் வழியாகத்தான் தெரியும். இறந்தவர் 6,20,000 என்பது நெடுநாளாகச் சொல்லப்படும் கணக்கு. இப்போது 7,50,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். இவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு பேரைக் கொன்றது நோய். சீதபேதி, டைபாய்டு, மலேரியா. முதல் வருஷம் தட்டம்மை. தனிப் பண்ணைகளில் வளர்ந்து, சின்ன வயதில் அம்மை காணாத பையன்களை ஆயிரக்கணக்கில் ஓரிடத்தில் படுக்கவைத்தால் வேறென்ன ஆகும்? கழிப்புக் குழி ஒரு பக்கம், குடிக்கிற ஓடை அதற்குக் கீழே. சீலைப்பேன் இல்லாத சிப்பாயே கிடையாது.

இன்னொன்று. வீட்டு ஏக்கத்தை அன்றைய மருத்துவர்கள் ஒரு நோயாகவே பதிவேட்டில் எழுதினார்கள், 'நாஸ்டால்ஜியா' என்று. வடக்குப் படையில் மட்டும் ஐயாயிரத்துக்கு மேல் பதிவு, அதில் சாவும் உண்டு. இன்று அதைப் படிக்கும்போது உள்ளே வேறு நோய் மறைந்திருந்திருக்கும் என்று தோன்றும். ஆனாலும் சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்ளும் நோயாளியை நான் வார்டில் பார்த்திருக்கிறேன். வீட்டிலிருந்து ஒரு போன் வந்தால் அன்றைக்கு இரண்டு வாய் கஞ்சி இறங்கும்.

கவிஞர் வால்ட் விட்மன் இதைத்தான் செய்தார். ஃபிரெடரிக்ஸ்பர்க்கில் காயம்பட்ட தம்பியைத் தேடி 1862 டிசம்பரில் போனவர், வாஷிங்டனிலேயே தங்கிவிட்டார். வார்டு வார்டாகத் தாளும் உறையும் எடுத்துக்கொண்டு போய், கை போனவர்களுக்கும் எழுதத் தெரியாதவர்களுக்கும் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். ஒரு செவிலியாக, அவர் கவிதைகளைவிட இதற்காகத்தான் அவரைக் கும்பிடுகிறேன்.

பனையோலை அக்கா, ரோசெட்டா வேக்மன் பற்றியும் சொல்லுங்களேன்.

பனையோலை:

நீங்களே தொட்டுவிட்டீர்கள், சுருக்கமாகச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்துப் பண்ணைப் பெண். 1862-ல் ஆண் உடை போட்டு 'லயன்ஸ் வேக்மன்' என்ற பெயரில் 153-வது நியூயார்க் படையில் சேர்ந்தாள். சம்பளத்தை வீட்டுக்கு அனுப்பினாள், வீட்டுக் கடிதங்களில் தன் சொந்தப் பெயரையும் போட்டாள். 1864 ஜூனில் நியூ ஆர்லியன்ஸ் மருத்துவமனையில் வயிற்றுப்போக்கில் இறந்தாள். கல்லறைக் கல்லில் இன்றும் ஆண் பெயர்தான். கடிதங்கள் நூறு வருஷம் குடும்பத்துப் பரணில் கிடந்தன. அவை இல்லையென்றால் அவள் யாரென்றே தெரிந்திருக்காது.

நெய்தல்நிலம்:

அக்கா, ஒரு சங்கடமான கேள்வி. தெற்குச் சிப்பாய்களின் கடிதத் தொகுப்பு ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவ்வளவு கனிவு. குழந்தை பேச ஆரம்பித்ததா என்று கேட்கிறான். அடுத்த வரியில் இன்ன அடிமையை வாடகைக்கு விடு, இன்னவனை விற்றுவிடு என்று மனைவிக்குச் சொல்கிறான். எனக்குப் புத்தகத்தை மூடி வைக்க வேண்டும் போல இருந்தது. இவர்கள் ஏக்கத்தை எப்படிப் படிப்பது?

பனையோலை:

மூடாமல் படியுங்கள் தம்பி. அந்த இரண்டு வரியும் ஒரே பேனாவில் வந்தவை என்பதுதான் அங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. முதல் வரிக்காக இரண்டாவதை மன்னிக்கவும் வேண்டாம், இரண்டாவதை மறைக்கவும் வேண்டாம். எந்தக் கடிதம் பிழைத்தது என்றும் பாருங்கள். தெற்குச் சிப்பாய்க்கு வாஷிங்டன் பென்ஷன் கிடையாது. அவன் கடிதம் வீட்டுப் பெட்டியில் பிழைத்தது. பெட்டியும் வீடும் தலைமுறை தலைமுறையாக நிலைத்தவை பெரும்பாலும் வசதியான குடும்பங்கள்.

விற்கப்பட்டவர்கள் பக்கத்திலிருந்தும் கடிதம் இருக்கிறது. ஸ்பாட்ஸ்வுட் ரைஸ் என்பவர் மிசௌரி மாநிலத்தில் புகையிலைத் தோட்டத்து அடிமையாக இருந்தவர். 1864-ல் வடக்குப் படையில் சேர்ந்தார். செயின்ட் லூயிஸ் நகரத்தில் பென்டன் பாசறை மருத்துவமனையில் படுத்திருந்தபடி, செப்டம்பர் 3 அன்று இரண்டு கடிதம் எழுதினார். ஒன்று, இன்னும் அடிமையாக இருந்த தன் மகள்களுக்கு. உங்களை மறக்கவில்லை, உயிரே போனாலும் உங்களை மீட்பேன், மனதைத் தளரவிடாதீர்கள் என்று. இன்னொன்று, மகள் மேரியைத் தன் சொத்தாக வைத்திருந்த பெண்ணுக்கு. என் பிள்ளைக்கு ஒரு காலத்தில் 40 டாலர் தருவதாகச் சொன்னேன், நீ வாங்காதது நல்லதாயிற்று. அவளை எவ்வளவு காலம் வைத்திருக்கிறாயோ அவ்வளவு காலம் நரகத்தில் எரிவாய் என்கிறார்.

அந்தப் பெண்ணின் குடும்பத்துக்காரர் ஒருவர் கொதித்துப்போய், இவனை மாநிலத்தை விட்டே வெளியேற்றுங்கள் என்று இரண்டு கடிதத்தையும் ராணுவத் தளபதிக்குப் புகாரோடு அனுப்பினார். அந்தப் புகாரோடு சேர்ந்துதான் அவை காப்பகத்துக்கு வந்தன. பிரிந்துபோன மாநிலங்களின் அடிமைகளுக்கு விடுதலை என்று ஜனாதிபதி லிங்கன் அறிவித்த விடுதலைப் பிரகடனம் அன்று மிசௌரிக்குச் செல்லாது, அது வடக்கோடு நின்ற மாநிலம். அங்கே அடிமை முறை ஒழிந்தது 1865 ஜனவரியில்.

கறுப்பினச் சிப்பாய்கள் சுமார் 1,80,000 பேர். ஆரம்பத்தில் அவர்களுக்கு மாதம் 10 டாலர், அதில் உடைக்கு 3 பிடித்துக்கொண்டு கையில் 7. மாசசூசெட்ஸ் 54-வது படை, சம சம்பளம் இல்லாவிட்டால் ஒரு காசும் வேண்டாம் என்று ஒரு வருஷத்துக்கு மேல் மறுத்தது. அந்தப் படையின் கார்ப்பரல் ஜேம்ஸ் ஹென்றி குடிங், 1863 செப்டம்பரில் நேராக லிங்கனுக்கே எழுதினார், நாங்கள் சிப்பாய்களா, கூலிகளா என்று. 1864 ஜூனில் நாடாளுமன்றம் சம சம்பளம் என்றது. அடுத்த மாதமே குடிங் தெற்கின் ஆண்டர்சன்வில் சிறைமுகாமில் இறந்துபோனார்.

குன்றூர்க்குமரன்:

அக்கா, இவற்றைத் தமிழில் கொண்டுவரலாமா? எனக்கு ஒரு சிக்கல். ரைஸ் காதில் கேட்டபடி எழுத்துக்கூட்டி எழுதியிருக்கிறார், முற்றுப்புள்ளி கிடையாது. அதைச் சுத்தமான நடையில் போட்டால் அவர் குரல் போய்விடும். தமிழிலும் பிழையோடு எழுதினால் படிக்கிறவர்கள் அவரைத் தாழ்வாக நினைத்துவிடுவார்களோ என்று பயம்.

ஓய்வு_ஹவில்தார்:

தம்பி, என் அம்மா மூன்றாம் வகுப்பு. எனக்கு எழுதுவது மூச்சு விடாமல் ஒரே வாக்கியமாக இருக்கும். 'சாப்புட்டியா' என்றுதான் எழுதுவார், 'சாப்பிட்டாயா' என்று எழுதத் தெரியாது. அதை யாராவது திருத்திக் கொடுத்திருந்தால் அது என் அம்மா கடிதம் இல்லை. எழுத்துப்பிழையைச் செயற்கையாகப் புகுத்த வேண்டாம். பேச்சு போகிற போக்கில் விடுங்கள், புள்ளி வைக்காதீர்கள். குரல் தானாக வரும்.

செவ்வந்தி:

ஐயா சொல்வதுதான் சரி என்று எனக்கும் படுகிறது. அந்த மேரி என்ன ஆனாள் அக்கா?

பனையோலை:

அப்பாவோடு சேர்ந்துவிட்டாள். 1930-களில் அடிமையாக வாழ்ந்தவர்களைத் தேடிப் பேட்டி எடுத்தபோது, செயின்ட் லூயிஸில் மேரி பெல் என்ற முதிய பெண்மணியாக இருந்தாள். அப்பா வாரத்தில் இரண்டு ராத்திரி தங்களைப் பார்க்க வந்து போனதையும், அவர் பட்டாளத்தில் சேர்ந்ததையும் சொல்லியிருக்கிறாள்.

ஐயா, குமரன், நீங்கள் சொன்ன மாதிரியே ரைஸ் மகள்களுக்கு எழுதியதை முதலில் எடுப்போம். பிள்ளைகளுக்கு எழுதிய அப்பா கடிதம். ஐயா தொடங்கினால் நன்றாக இருக்கும்.

ஓய்வு_ஹவில்தார்:

முயற்சி செய்கிறேன் அம்மா. நேற்று ராத்திரி முதல் நாலு வரி எழுதினேன். "எம்புள்ளைங்களுக்கு" என்று ஆரம்பித்திருக்கிறேன். அது சரியா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள், மீதியை ஞாயிற்றுக்கிழமை அனுப்புகிறேன்.